அபிஷிக்தானந்தருக்கு ஏன் வலித்தது?

"மதமெல்லாம் வெளி ஓடுக்கா. உள்ள போனவங்க எல்லாரும் பார்த்தது ஒன்னுதான்," என்றான் என் சித்தி மகன். மௌனப் பயிற்சி முகாம் ஒன்றை முடித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். முகம் தெளிந்திருந்தது. அடுத்தவர் முடிப்பதற்குள் பேச ஆரம்பிக்கிறவன், அன்று காத்திருந்து பேசினான். அங்கே அவனுக்குக் கிடைத்தது உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. அவன் ஊருக்குப் போன பிறகும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நம்மூரில் இந்த வாக்கியத்தை யாரும் மறுப்பதில்லை. கோயில் திண்ணையில் சொன்னாலும் தர்கா வாசலில் சொன்னாலும் தலையாட்டுவார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. நம்மிடம் இதற்கு ஒரு பெரிய பரம்பரையே உண்டு. தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 1838இல் மறைந்த மஸ்தான் சாகிபு அதே நடையில் இன்னொரு பராபரக்கண்ணி பாடினார். சைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அந்த இஸ்லாமியத் துறவியின்மீது நான்மணிமாலை பாடினார். இதையெல்லாம் எடுத்துக்காட்டி "பார்த்தீர்களா, எல்லாம் ஒன்று" என்று மேடைகளில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதே மஸ்தான் சாகிபு நபிகள் நாயகத்தைப் போற்றாமல் இருந்ததில்லை. சூஃபி ஞானி முகியித்தீன் ஆண்டகையை உருகி உருகிக் கூப்பிட்டுச் சதகமே பாடியிருக்கிறார். மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவருக்கு அந்தப் பெயர்கள் வெளி ஓடாக இருந்திருந்தால் அப்படி அழுது கூப்பிட்டிருப்பாரா?

நிஜமாகவே ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்தின் உள்ளறை வரைக்கும் போனவர்கள் "எல்லாம் ஒன்று" என்பதை அத்தனை சுலபமாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அப்படிப் போன ஒருவரைப் பற்றி, அபிஷிக்தானந்தர் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவியைப் பற்றி, எழுத எனக்கு நெடுநாள் ஆசை. அவர் வாழ்ந்த இடம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

தண்ணீர்ப்பள்ளி

குளித்தலையை ஒட்டிக் காவிரிக் கரையில் இருக்கிறது தண்ணீர்ப்பள்ளி. அந்தப் பக்கம் பழைய மனிதர்கள் "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்" என்பார்கள்: குளித்தலைக் கடம்பவனநாதரை விடியலில் கும்பிட்டு, உச்சியில் அய்யர்மலை ஏறி, ஆற்றைக் கடந்து பொழுது சாயும்போது ஈங்கோய்மலை சேர்வது. அந்த வழிக்கு நடுவில், மரங்களுக்கு உள்ளே, சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமம் இருக்கிறது. கோபுரத்தில் மூன்று முகத்தோடு திரித்துவம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என்ற ஒரே கடவுள். விமானத்தின்கீழ் சின்னக் கருவறை. காலை ஜெபத்தில் சந்தனம் தருகிறார்கள், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. விவிலியத்தோடு உபநிடதமும் தமிழ்ப் பாடல்களும் படித்து, ஆரத்தியோடு முடிக்கிறார்கள்.

நான் சைவக் குடும்பத்துப் பெண். மாலை ஜெபத்தில் விபூதித் தட்டு வந்ததும், யோசிக்கும் முன்பே விரல் எடுத்து நெற்றியில் இட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் கேள்வி வந்தது: இங்கே இந்த நீறு யாருடையது? என்னோடு வந்த தோழி கத்தோலிக்கப் பெண். அவளும் இட்டுக்கொண்டாள், ஆனால் வெளியே வந்ததும் துடைத்துவிட்டாள். "அம்மா பார்த்தா திட்டுவாங்கடி. இங்க பூசைக்கு வான்னா வரவே மாட்டாங்க, நம்ம கோயில் மாதிரியே இல்லைம்பாங்க," என்றாள். அவளுடைய அம்மாவின் சங்கடமும் என்னுடையதும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. ஒரு அடையாளத்தை அது வளர்ந்த மண்ணிலிருந்து பிடுங்கி வேறிடத்தில் வைத்தால், இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் ஏதோ ஒன்று உறுத்துகிறது.

1950 மார்ச்சில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய இடம் அது. ஒருவர் ஜூல்ஸ் மோன்ஷானின், பல ஆண்டுகளாகத் திருச்சி மறைமாவட்டத்தில் பணியாற்றிய குரு. இன்னொருவர் ஆன்ரி லெ சோ. பிரிட்டனி கடற்கரைக் கிராமம் ஒன்றில் 1910இல் பிறந்தவர். 19 வயதில் பெனடிக்டின் என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் மடத்தில் சேர்ந்து, 1935இல் குருப்பட்டம் பெற்று, 1948இல் இந்தியாவுக்கு வந்தவர். இங்கே காவி உடுத்து அபிஷிக்தானந்தர் ஆனார். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் வந்தது இந்து மதத்தைப் புரிந்துகொள்வதற்கு மட்டுமில்லை. இந்தியாவின் துறவு மரபைக் கிறிஸ்துவில் நிறைவுபெறச் செய்வதே அவர்கள் நோக்கம். பிற்பாடு இந்துத் தரப்பிலிருந்து "இது வேடம், மதம் மாற்றுகிற தந்திரம்" என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. தொடக்க நோக்கத்தை வைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் நிறைவு செய்ய வந்தவருக்குள் என்ன நடந்தது என்பதை அந்த விமர்சனம் எட்டிப் பார்க்கவே இல்லை.

1949 ஜனவரி

ஆசிரமம் தொடங்குவதற்கு முன்பே, மோன்ஷானினோடு லெ சோ திருவண்ணாமலைக்குப் போனார். ரமண மகரிஷி அப்போது இருந்தார். லெ சோ நிறையப் படித்துவிட்டு, நிறைய எதிர்பார்த்துக்கொண்டு போயிருந்தார். கூடத்தில் கட்டிலில் அமர்ந்திருந்தவரை உற்று உற்றுப் பார்த்தார். ஒளிவட்டம் ஏதாவது தெரியுமா என்று கண்ணைக் கசக்கிப் பார்த்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. எதிரே இருந்தவர் கனிவான ஒரு தாத்தா. சின்ன வயதில் தாம் பார்த்த சொந்தத் தாத்தாவைப் போலவே இருந்தார். பெரிய ஏமாற்றம்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பெரியவர்களைப் பார்க்கப் போன கதைகளில் எல்லோரும் முதல் பார்வையிலேயே கரைந்துவிடுவார்கள். இந்த மனிதர் கரையவில்லை என்பதை எழுதிவைத்திருக்கிறார். அன்று மாலை, அங்கே தங்கியிருந்த ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் தம் ஏமாற்றத்தைச் சொன்னார். அந்த அம்மா தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. நீங்கள் மிகப் பெரிய மூட்டையோடு வந்திருக்கிறீர்கள், தெரிந்துகொள்ள வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும் என்று துடிக்கிறீர்கள், உங்களுக்கு வர வேண்டியது நீங்கள் போட்டுவைத்த வழியில்தான் வர வேண்டும் என்று அடம்பிடிக்கிறீர்கள், எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு வெறுமனே உட்காருங்கள் என்ற பொருளில் அவர் சொன்னதை லெ சோ பதிவு செய்திருக்கிறார்.

மறுபடி உட்கார்ந்தார். வேத பாராயணம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஓசை அவரை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. கூடவே காய்ச்சல் வந்தது. தொடர்ந்து தங்க முடியாமல் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தக் காய்ச்சலில் வந்த கனவுகளைப் பற்றி அவர் எழுதியிருப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். புதிதாக உள்ளே வந்த ஒன்றை, தம்முடைய பழைய எண்ணக் கட்டுமானத்துக்குள், அது உடையாமல், எப்படியாவது பொருத்திவிட முடியுமா என்று இரவெல்லாம் கனவில் முயன்றாராம். ஒவ்வொரு முறையும் முடியவில்லை. அறிவுக்கு எட்டும் முன்பே, அதைவிட ஆழத்தில் இருந்த ஏதோ ஒன்று அந்த மனிதரை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது என்பது பின்னாளில் அவருடைய கணிப்பு.

பொருத்தப் பார்த்தார், பொருந்தவில்லை. இதைத்தான் என் சித்தி மகனின் வாக்கியம் விட்டுவிடுகிறது. இரண்டும் ஒன்றாகவே இருந்திருந்தால், 19 ஆண்டு மடத்தில் ஜெபித்துப் பழகிய ஒரு துறவிக்கு அது தாவிப் போய் ஒட்டியிருக்க வேண்டுமே? அவருடைய ஜெபம் ஒருவரைப் பார்த்துச் செய்வது. "தந்தையே" என்று கூப்பிட்டால் கேட்க ஒருவர் வேண்டும், கூப்பிட ஒருவர் வேண்டும். திருவண்ணாமலையில் அவர் எதிர்கொண்டது, கூப்பிடுகிறவன் யார் என்று திருப்பிக் கேட்டது.

பார்த்தது ஒன்றுதானா?

இந்தக் கேள்வியை அறிஞர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக அலசிவருகிறார்கள். 1902இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இத்தகைய அனுபவங்களுக்கு நான்கு அடையாளம் சொன்னார்: வாயால் சொல்ல வராது, ஆனாலும் ஏதோ அறிந்துகொண்ட உணர்வைத் தரும், நெடுநேரம் நில்லாது, நாமாகச் செய்வதாக இல்லாமல் நமக்கு நடப்பதாக இருக்கும். எந்த மதமானாலும் இவை பொருந்துவதால், அடியில் இருப்பது ஒன்று என்று பலர் முடிவுகட்டினார்கள். 1978இல் ஸ்டீவன் காட்ஸ் என்ற தத்துவ அறிஞர் இதை மறுத்தார். எந்தப் பூச்சும் இல்லாத வெறும் அனுபவம் என்று ஒன்று கிடையாது, ஒருவர் எதில் ஊறி வளர்ந்தாரோ அதுவே அவருடைய அனுபவத்துக்கு உருக்கொடுக்கிறது, பௌத்தருக்குக் கிறிஸ்து காட்சி தருவதில்லை, கிறிஸ்தவர் நிர்வாணத்தை அடைவதில்லை என்பது அவர் வாதம்.

காட்ஸ் சொல்வதில் எனக்குப் பாதிச் சம்மதம். மீதிப் பாதிக்குத் தடையாக நிற்பவர் ரமணரேதான். 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், 16 வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம் வருகிறது. படுத்துக்கொள்கிறான், உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்கிறான், செத்துப்போனது உடம்பு, இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான் யார் என்று உள்ளே போகிறான். சிறிது நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த நிலை அதன்பிறகு விலகவில்லை. பிரம்மம், சம்சாரம் என்றெல்லாம் அப்போது தமக்குத் தெரியாது, பின்னால் நூல்களைப் படித்தபோதுதான் தமக்கு நடந்ததற்கு அவற்றில் பெயர் இருப்பது தெரிந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். இது காட்ஸுக்கு எதிரான சாட்சி. ஆனால் அதே பையன் அதற்கு முன் பெரியபுராணத்தைப் படித்து நெகிழ்ந்திருக்கிறான். அந்த அனுபவத்துக்குப் பின் மீனாட்சி கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் சிலைகளின் முன் நின்று அழுதிருக்கிறான். படித்தது அமெரிக்கன் மிஷன் பள்ளி என்பதால் பைபிளும் காதில் விழுந்திருக்கிறது. "அமைதி கொண்டு, நானே கடவுள் என்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற சங்கீத வரியைப் பிற்காலத்தில் அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். ஊறாமல் முளைத்த விதை அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பார்த்தது ஒன்றா வேறா என்று வெளியில் இருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். இரண்டு பேர் பார்த்ததையும் தராசில் வைக்க மூன்றாவதாக ஒருவர் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மிக அருகில் வந்தவர்களில் ஒருவர் லெ சோ. அவர் கொண்டுவந்த சாட்சியம் "ஒன்று" என்றும் இல்லை, "வேறு" என்றும் இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் அவர் சொன்னதெல்லாம், இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, ஒன்றைக் கைவிடவும் முடியவில்லை என்பதுதான்.

குகையும் பூசையும்

ரமணர் 1950 ஏப்ரலில் மறைந்தார். 1952 முதல் லெ சோ அண்ணாமலையின் குகைகளில் போய்த் தங்க ஆரம்பித்தார். பிச்சை வாங்கிச் சாப்பிட்டார், தமிழ் பேசினார், மௌனமாக இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்றை 1954இல் பாரிஸில் திருச்சபைத் தணிக்கையாளர் பார்த்துவிட்டு, தவறான போதனைகள் நிறைந்தது என்று நிறுத்திவிட்டார். 1955 டிசம்பரில் திருக்கோவிலூரில் ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு சுவாமிகளின் ஆசிரமமான தபோவனத்துக்குத் திரும்பிப் போய் அவர் காலடியில் தங்கினார். தேடாமலே தமக்குக் குரு கிடைத்துவிட்டார் என்று உணர்ந்தார். அதே ஆண்டின் கடைசியில் கும்பகோணத்தில் ஓர் அறைக்குள் ஏறத்தாழ ஒரு மாதம் அடைந்துகிடந்தார். சாப்பாடு சுவர்த் துளை வழியே வரும், கொண்டுவருகிறவர் முகம்கூடத் தெரியாது.

அந்த ஆண்டுகளின் நாட்குறிப்பு அவர் இறந்த பிறகு அச்சில் வந்தது. அதில் இருப்பது பேரானந்தம் மட்டும் என்று நினைத்துத் திறப்பவர்கள் திடுக்கிடுவார்கள். பக்கத்துக்குப் பக்கம் பயம். இறைவனும் நானும் இரண்டல்ல என்கிற இந்த அத்வைதம் மாயமாக இருந்து, இதற்காகக் கிறிஸ்துவை இழந்துவிட்டால்? கிறிஸ்துவுக்காக இதைத் தள்ளிவிட்டு, அதுவே உண்மையாக இருந்துவிட்டால்? இரண்டும் போய் நடுவில் நின்றுவிடுவேனோ என்கிற அச்சம். கூடவே இருந்த மோன்ஷானினுக்கும் கவலை. அத்வைதத்தையும் திரித்துவத்தையும் சேர்த்துவைக்க முடியும் என்பதில் மோன்ஷானினுக்கு நாளுக்கு நாள் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. 1957 அக்டோபரில் பாரிஸில் அவர் காலமானார். ஒரே ஆசிரமத்தில் வாழ்ந்த இரண்டு நண்பர்கள் உள்ளுக்குள் வெவ்வேறு திசையில் போய்விட்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் லெ சோ பூசை வைப்பதை, அப்பமும் இரசமும் படைக்கும் கத்தோலிக்கத் திருப்பலியை, நிறுத்தவில்லை. குகையிலும் வைத்தார். 1964இல் கங்கோத்ரிக்கு நடந்துபோய், நண்பர் ரைமோன் பணிக்கரோடு கங்கைக் கரையில் வைத்தார். 1968இல் சாந்திவனத்தை ஆங்கிலத் துறவி பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு உத்தரகாசிக் குடிலில் தனித்து வாழ்ந்தபோதும் அதை விட்டுவிடவில்லை. "எல்லாம் ஒன்று" என்பது அவருக்கு அத்தனை எளிதாக இருந்திருந்தால் அப்பமும் இரசமும் எதற்கு? விடிவு வரும்வரை, எவ்வளவு இழுத்தாலும், இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பதே மேல் என்று நண்பருக்கு எழுதினார். இதைச் சமரசம் என்று சிலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அது சித்திரவதை என்றே படுகிறது. அந்தச் சித்திரவதையை மருந்து போட்டு ஆற்றிக்கொள்ள மறுத்ததுதான் அவருடைய நேர்மை.

மதத்தை விட்டுவிட்டு அனுபவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பவர்களிடம் எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தக் குகையில் அத்தனை நாள் உட்காரும் பலம் லெ சோவுக்கு எங்கிருந்து வந்தது? பிரிட்டனி மடத்தில், நள்ளிரவு ஜெபத்திலும் லத்தீன் சங்கீதத்திலும், மேலதிகாரி சொன்னதற்குக் கீழ்ப்படிவதிலும் கழிந்த ஆண்டுகளே அவரைத் தயார் செய்தன. கடைசியில் தாண்ட வேண்டியதாக அவர் உணர்ந்த அந்தப் பழக்கங்களே அவரைத் தாண்டும் இடம்வரை தூக்கி வந்தன. முகாமில் தாண்டுவதை மட்டும் கற்றுத்தருகிறார்கள். எதைத் தாண்டுவது?

பந்தி

இன்னொன்றைப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். காவி, சமஸ்கிருத மந்திரம், உபநிடதம் என்று கத்தோலிக்க ஆசிரமங்கள் போனபோது, இந்துக்களைவிடக் கூர்மையான எதிர்ப்பு தலித் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. தமிழ்நாட்டுத் திருச்சபையில் பெரும்பங்கு அவர்கள்தான். எந்த மரபு தங்கள் முன்னோரை வாசலுக்கு வெளியே நிறுத்தியதோ, அதே மரபின் சடங்கை இந்தியப் பண்பாடு என்ற பெயரில் எங்கள் பீடத்துக்கே கொண்டுவருகிறீர்களா என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்குச் சாந்திவனத்தின் அமைதிக்குள் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது.

ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தக் காலத்தில் பிராமணர்களுக்குத் தனிப் பக்கம், மற்றவர்களுக்குத் தனிப் பக்கம், நடுவில் தடுப்பு. ரமணர் இரண்டு பக்கத்துக்கும் தெரியும்படி உட்கார்ந்து சாப்பிட்டார். பக்தர்கள் இதை அவருடைய சமநோக்குக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்குத் தடுப்புதான் கண்ணில் படுகிறது. இரண்டற்ற நிலையைப் பற்றி உலகம் கேட்க வந்த இடத்தில் பந்தி இரண்டாக இருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர்மேல் எனக்கிருக்கும் பக்தி என் வீட்டார் அறிவார்கள். ஆனால் உள்ளே கண்ட ஒருமை தானாகவே வெளியே இறங்கி வந்து தடுப்பை எடுத்துவிடும் என்று நம்புவதற்கு வரலாறு இடம் தரவில்லை. அதை எடுக்க வேறு மனிதர்கள், வேறு போராட்டங்கள் வேண்டியிருந்தன. வள்ளலார் சத்திய தருமச்சாலையில் அடுப்பை மூட்டியது 1867இல். ஒளியைக் கண்டதாகப் பாடியவர் முதலில் பந்தியைச் சரிசெய்தார். இந்த விஷயத்தில் என் மனம் திருவண்ணாமலையைவிட வடலூர்ப் பக்கமே சாய்கிறது.

ரிஷிகேசம்

1973 ஜூன் கடைசியில் கங்கையில் வைத்து, தம் பிரெஞ்சுச் சீடர் மார்க் ஷதுக்குக்கு லெ சோ சந்நியாச தீட்சை கொடுத்தார். சிவானந்த ஆசிரமத்தின் சிதானந்த சுவாமிகளும் சேர்ந்தே கொடுத்தார். கிறிஸ்தவ மரபும் இந்து மரபும் ஒரே சடங்கில். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 14 அன்று, ரிஷிகேசக் கடைத்தெருவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய லெ சோவுக்கு மாரடைப்பு வந்தது. அறிமுகமான ஒரு பெண்மணி தற்செயலாக அந்த வழியே வந்து கண்டுகொள்ளும்வரை நடைபாதையில் கிடந்தார். அதற்குப் பின் ஏறத்தாழ ஐந்து மாதம் உயிரோடு இருந்தார். டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார்.

அந்த ஐந்து மாதத்துக் கடிதங்களில் பழைய பயம் இல்லை. தேடிய பாத்திரம் கிடைத்துவிட்டது என்று, இயேசுவின் கடைசி விருந்துப் பாத்திரத்தைத் தேடும் ஐரோப்பியப் பழங்கதையின் உருவகத்தில் எழுதுகிறார். சாவின் விளிம்பில் தெரிந்த காட்சி என்று நண்பர்கள் அதை எடுத்துக்கொண்டபோது அவர் மறுத்தார். விழிப்புக்கும் சாவுக்கும் தொடர்பில்லை, வாழ்வுக்கும் தொடர்பில்லை, எந்தச் சூழ்நிலையிலும் அது இருந்தபடியே இருக்கிறது என்றார். மதங்களின் சொற்களையும் உருவங்களையும் பற்றி அப்போது மிகத் துணிச்சலாக எழுதினார். கிட்டத்தட்ட என் சித்தி மகன் சொன்ன அளவுக்கே போனார். ஆனால் அப்படி எழுதிய கை, தீட்சைச் சடங்கின் ஒவ்வொரு மந்திரத்தையும் பார்த்துப் பார்த்து அமைத்த கை. 1949இல் திருவண்ணாமலையிலிருந்து திரும்பியதுமே இதை அவர் எழுதியிருந்தால், காய்ச்சலில் எழுதியது என்று ஒதுக்கியிருப்பேன். 24 ஆண்டு இரண்டு பக்கமும் இழுபட்ட பிறகு எழுதியதால் நம்புகிறேன். அவரை நம்புகிறேன் என்பதற்காக அந்த வாக்கியத்தை என் வாயால் சொல்ல இன்னும் வரவில்லை.